தீர்ப்பும் காவலும்: தேசியப் புலனாய்வு முகமையின் தோற்றமும் திருச்சிராப்பள்ளி வட்டாரமும்

ஆய்வுச் சுருக்கம்

இந்தியாவில் பயங்கரவாதக் குற்றங்களைப் புலனாய்வு செய்வதற்கென 2008-ஆம் ஆண்டு தேசியப் புலனாய்வு முகமை நிறுவப்பட்டது. மும்பைத் தாக்குதலின் உடனடி விளைவாகவே இம்முகமை பெரும்பாலும் விளக்கப்படுகிறது. அரசுக்கு எதிரான வன்முறையை எதிர்கொள்ள ஆட்சியாளர்கள் கையாண்ட இரு வழிகளின் நீண்ட வரலாற்றில் வைத்து அதனைக் காண வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும். ஒன்று, குற்றத்தைப் புலனாய்ந்து நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கும் வழி. மற்றொன்று, தீர்ப்பின்றி நிருவாக ஆணையால் காவலில் வைக்கும் வழி. திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் ஆகிய ஊர்களோடு தொடர்புடைய நிகழ்வுகளைக் கொண்டு இவ்விரு வழிகளின் உறவை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: தேசியப் புலனாய்வு முகமை, கியூ பிரிவு, தடுப்புக் காவல், கூட்டாட்சி, சிறப்பு முகாம், திருச்சிராப்பள்ளி, திருவரங்கம்.

முன்னுரை

இந்திய அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் காவல் துறை மாநிலப் பட்டியலில் இரண்டாம் இனமாக இடம்பெற்றுள்ளது. ஆயினும் மாநில எல்லைகளையும் நாட்டு எல்லைகளையும் கடந்து திட்டமிடப்படும் வன்முறையை ஒரு மாநிலத்தின் காவல் துறை மட்டும் எதிர்கொள்ள இயலுமா என்ற வினா, விடுதலைக்கு முன்பிருந்தே எழுந்து வந்துள்ளது. இவ்வினாவுக்கு வெவ்வேறு காலங்களில் அளிக்கப்பட்ட விடைகளின் தொகுப்பாகவே பயங்கரவாத எதிர்ப்பு அமைப்புகளின் வரலாறு அமைகிறது.

இவ்வரலாறு பெரும்பாலும் தலைநகரிலிருந்தே எழுதப்பட்டுள்ளது. சட்டங்கள் அங்கே இயற்றப்படுகின்றன. அமைப்புகளின் தலைமையிடங்கள் அங்கே உள்ளன. ஆனால் அச்சட்டங்கள் மனிதர்கள்மீது செயற்படும் இடங்கள் காவல் நிலையங்களும் சிறைகளும் முகாம்களும் ஆகும். ஆகவே ஒரு வட்டாரத்தைக் களமாகக் கொண்டு தேசிய அமைப்பின் வரலாற்றைப் படிப்பது தேவையாகிறது. காவிரியின் தென்கரையில் கோட்டை நகரமாகவும், நடுவண் சிறை, பன்னாட்டு விமான நிலையம், காவல் துறையின் மத்திய மண்டலத் தலைமையிடம் ஆகியவற்றைக் கொண்ட நகரமாகவும் விளங்கும் திருச்சிராப்பள்ளியும், ஆற்றின் இரு கிளைகளுக்கு இடையே அமைந்த திருவரங்கமும் இதற்கேற்ற களமாகும்.

காலனிய ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சியையும் இன்றைய பயங்கரவாதத்தையும் ஒன்றாகக் கருதுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. எதிர்க்கப்பட்ட அரசின் தன்மையும் எதிர்ப்பின் நோக்கமும் வேறானவை. அரசு கையாண்ட முறைகளில் காணப்படும் தொடர்ச்சி மட்டுமே இங்கு ஆய்வுக்கு உரியது.

திருவரங்கத்துச் சுவரும் பினாங்குத் தீவும்

1801-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் சின்னமருதுவின் பெயரால் வெளியிடப்பட்ட அறிக்கை இரண்டு இடங்களில் ஒட்டப்பட்டது. ஒன்று, திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் நவாபின் அரண்மனை வாயில். மற்றொன்று, திருவரங்கம் பெரிய கோயிலின் மதில். ஐரோப்பியருக்கு எதிராக எல்லாச் சாதியினரும் ஒன்றுபட வேண்டும் என அவ்வறிக்கை அழைத்தது. படிப்பவர் அதனைப் படியெடுத்துப் பரப்ப வேண்டும் எனவும் வேண்டியது. தென்னிந்தியாவில் கும்பினி ஆட்சிக்கு எதிராகப் பொதுமக்களை நோக்கி எழுத்தில் விடுக்கப்பட்ட முதன்மையான அழைப்புகளுள் ஒன்றாக இதனை வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகின்றனர்.

அறிக்கை ஒட்டப்பட்ட இடங்களின் தேர்வும் கருதத்தக்கது. அரண்மனை வாயில் ஆட்சியின் முகம். கோயில் மதில் பல ஊர்களிலிருந்தும் மக்கள் வந்து கூடும் இடம். அச்சகமும் நாளிதழும் இல்லாத சூழலில், செய்தி தொலைவுக்குச் செல்வதற்கு வழிபாட்டுத் தலத்தைவிட ஏற்ற இடம் இல்லை எனலாம்.

இக்கிளர்ச்சியைக் கும்பினி படைகொண்டு அடக்கியது. மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24-ஆம் நாள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். சின்னமருதுவின் மகன் துரைச்சாமி உள்ளிட்ட 73 பேர் 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டனர். இவர்கள் எவரும் பொது நீதிமன்றம் ஒன்றில் சான்றுகளுடன் விசாரிக்கப்பட்டுத் தண்டிக்கப்பட்டவர் அல்லர். அன்று கும்பினியிடம் படை இருந்தது, ஒற்றர் இருந்தனர், ஆனால் குற்றத்தைப் புலனாய்வு செய்யும் அமைப்பு இருக்கவில்லை. அந்த இடைவெளியை நாடுகடத்தல் நிரப்பியது.

இந்நடைமுறைக்குப் பின்னர்ச் சட்ட வடிவம் தரப்பட்டது. வங்காளத்தில் 1818-ஆம் ஆண்டின் மூன்றாம் ஒழுங்குமுறையும், சென்னை மாகாணத்தில் 1819-ஆம் ஆண்டின் இரண்டாம் ஒழுங்குமுறையும், அரசு காரணங்களுக்காக ஒருவரை விசாரணையின்றிக் காவலில் வைக்க ஆட்சியாளருக்கு அதிகாரம் அளித்தன. தீர்ப்பில்லாக் காவல் இவ்வாறு தென்னிந்தியாவில் நிலைபெற்றது. சென்னை மாவட்டக் காவல் சட்டம் இயற்றப்பட்டது 1859-இல் ஆகும். புலனாய்வு செய்யும் காவல் துறையைவிட விசாரணையற்ற காவல் நாற்பது ஆண்டுகள் மூத்தது என்பது இங்கு நினைவுகொள்ளத்தக்கது.

குற்றப் புலனாய்வுத் துறையின் தோற்றம்

கர்சன் பிரபுவின் காலத்தில் 1902–03-ஆம் ஆண்டுகளில் அமைந்த காவல் ஆணையம், ஒவ்வொரு மாகாணத்திலும் குற்றப் புலனாய்வுத் துறையும், நடுவண் நிலையில் அவற்றை இணைக்கும் அமைப்பும் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அதன் விளைவாக 1904-இல் நடுவண் குற்ற நுண்ணறிவுத் துறை உருவாயிற்று. அதன் முதல் இயக்குநராகச் சென்னை மாகாண ஆட்சிப்பணியைச் சேர்ந்த ஹெரால்டு ஸ்டூவர்ட் அமர்த்தப்பட்டார். சென்னை மாகாணக் குற்றப் புலனாய்வுத் துறை 1906-இல் தோன்றியது.

இந்த ஏற்பாட்டின் அடிப்படை இன்றும் தொடர்கிறது. நடுவண் துறை தகவல்களைத் தொகுத்தது; ஒப்பிட்டது; மாகாணங்களுக்கு எச்சரிக்கை அளித்தது. கைது செய்வதும் வழக்குத் தொடுப்பதும் மாகாணக் காவல் துறையின் பணியாக இருந்தன. நுண்ணறிவு வேறு, புலனாய்வு வேறு என்னும் பிரிவு இங்கே தொடங்குகிறது.

இப்புதிய துறைக்குச் சென்னை மாகாணத்தில் ஏற்பட்ட பெருஞ்சோதனை, 1911 ஜூன் 17-ஆம் நாள் மணியாச்சி இரயில் நிலையத்தில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ் சுட்டுக்கொல்லப்பட்ட நிகழ்வாகும். சுட்ட வாஞ்சிநாதன் அங்கேயே தன்னைச் சுட்டுக்கொண்டு இறந்தார். ஏனையோரைக் கண்டறியும் பொறுப்பு குற்றப் புலனாய்வுத் துறையைச் சார்ந்தது. நீலகண்ட பிரம்மச்சாரி உள்ளிட்ட 14 பேர்மீது சதி வழக்குத் தொடரப்பட்டு, சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் கொண்ட சிறப்பு ஆயத்தால் விசாரிக்கப்பட்டது. 1801-இல் இல்லாத ஒன்று 1911-இல் இருந்தது: சான்றுகளைத் திரட்டி நீதிமன்றத்தின் முன் வைக்கும் கடமை. குற்றஞ்சாட்டப்பட்ட அனைவரும் தண்டிக்கப்படவில்லை என்பதே அக்கடமையின் பொருளை உணர்த்துகிறது.

இவ்வழக்கோடு தொடர்புபடுத்திப் பேசப்பட்டவர் திருச்சிராப்பள்ளி வரகனேரியைச் சேர்ந்த வ.வே.சு. ஐயர் ஆவார். 1881-இல் பிறந்து திருச்சி புனித வளனார் கல்லூரியில் பயின்ற அவர், சட்டக் கல்விக்காக இலண்டன் சென்று, அங்கு இந்தியா விடுதியில் இயங்கிய புரட்சியாளர் குழுவில் இணைந்தார். 1910-இல் பிரித்தானியக் காவல் துறையிடம் சிக்காமல் புதுச்சேரி வந்து சேர்ந்தார். பிரெஞ்சு எல்லைக்குள் அவரைக் கைது செய்ய இயலாத நிலையில், சென்னை மாகாணக் குற்றப் புலனாய்வுத் துறையினர் புதுச்சேரியிலேயே தங்கி அவரையும் பாரதியாரையும் அரவிந்தரையும் கண்காணித்தனர். ஆட்சி எல்லையைக் கடந்து வாழும் எதிர்ப்பாளரை எவ்வாறு கையாள்வது என்ற சிக்கலைத் தமிழகக் காவல் துறை முதன்முதலில் இவ்வாறு சந்தித்தது.

போர்க்காலத்திலும் அதன் பின்னரும் காலனிய அரசு மீண்டும் விசாரணையற்ற காவலையே நாடியது. இந்தியப் பாதுகாப்புச் சட்டமும் 1919-ஆம் ஆண்டின் ரௌலட் சட்டமும் அதன் வெளிப்பாடுகள் ஆகும். விடுதலைக்குப் பின்னும் 1950-ஆம் ஆண்டுத் தடுப்புக் காவல் சட்டம் வாயிலாக அவ்வழி தொடர்ந்தது. அரசமைப்பு நடைமுறைக்கு வந்த அதே ஆண்டில், உச்ச நீதிமன்றத்தின் முதற் பெரும் வழக்குகளுள் ஒன்றாகிய ஏ.கே. கோபாலன் எதிர் சென்னை மாநிலம் எழுந்ததும் இதன் பொருட்டே.

கியூ பிரிவும் மருதையாற்றுப் பாலமும்

நக்சல்பாரி இயக்கத்தின் தாக்கம் தமிழகத்தில் வெளிப்பட்ட எழுபதுகளில், தீவிர இயக்கங்களைக் கண்காணிப்பதற்கென மாநிலக் குற்றப் புலனாய்வுத் துறையில் கியூ பிரிவு அமைந்தது. பின்னாளில் ஈழப் போராளி இயக்கங்களின் நடமாட்டமும் அதன் கண்காணிப்பில் அடங்கியது. இப்பிரிவின் தனித்தன்மை, நுண்ணறிவு திரட்டலையும் வழக்குப் புலனாய்வையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டிருப்பதாகும். நடுவண் அரசு நிலையில் வேறுவேறாக வைக்கப்பட்ட இரு பணிகள் மாநிலத்தில் ஒன்றாகவே இருந்தன.

1987 மார்ச் 15-ஆம் நாள், சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு வந்துகொண்டிருந்த மலைக்கோட்டை விரைவு இரயில், அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலத்தில் குண்டுவெடிப்பால் கவிழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்ட பயணிகள் உயிரிழந்தனர். அரியலூர் அன்று திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. இந்நிகழ்வுக்குத் தமிழரசன் தலைமையிலான தமிழ்நாடு விடுதலைப்படை காரணம் எனக் குற்றஞ்சாட்டப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் முதல் நாள், பொன்பரப்பியில் வங்கிக் கொள்ளை முயற்சியின்போது தமிழரசனும் அவருடைய தோழர்களும் மக்கள் கூட்டத்தால் அடித்துக் கொல்லப்பட்டனர்.

இரயில்வே நடுவண் அரசின் துறை. உயிரிழந்தோர் பல ஊரினர். எனினும் இத்தகைய குற்றத்தைப் புலனாய்வு செய்வதற்கெனத் தனித்த தேசிய அமைப்பு எதுவும் அன்று இருக்கவில்லை. 1984-இல் உருவாக்கப்பட்டு 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உறுதிப்படுத்தப்பட்ட தேசியப் பாதுகாப்புப் படை, பணயக் கைதிகளை மீட்பது, ஆயுதந்தாங்கியவரை எதிர்கொள்வது ஆகியவற்றுக்கான அதிரடிப் படையாகும். அது வழக்குப் புலனாய்வு செய்யும் அமைப்பன்று. பயங்கரவாத எதிர்ப்பில் படை, நுண்ணறிவு, புலனாய்வு என்னும் மூன்று பணிகளுள் முதலிரண்டுக்கு மட்டுமே தேசிய அமைப்புகள் இருந்தன. மூன்றாவது பணிக்கான இடம் இன்னும் இருபத்தோர் ஆண்டுகள் வெற்றாகவே கிடந்தது.

திருப்பெரும்புதூர், கோயம்புத்தூர்: இரு முன்மாதிரிகள்

அந்த வெற்றிடத்தில் தமிழகம் இரு வேறு முன்மாதிரிகளை உருவாக்கியது. 1991 மே 21-ஆம் நாள் திருப்பெரும்புதூரில் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, வழக்கு நடுவண் புலனாய்வுச் செயலகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. டி.ஆர். கார்த்திகேயன் தலைமையில் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைந்து, சென்னை மல்லிகை மாளிகையிலிருந்து இயங்கியது. குழு நடுவண் அரசினுடையது. ஆனால் அது மாநில வளங்களையே பெரிதும் சார்ந்திருந்தது. தற்கொலைக் குண்டின் அமைப்பை விளக்கியவர் தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்த பி. சந்திரசேகரன் ஆவார்.

தடா சட்டத்தின்கீழ்ப் பூந்தமல்லியில் அமைந்த நீதிமன்றம், 1998 ஜனவரி 28-ஆம் நாள் விசாரிக்கப்பட்ட 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே 11-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவர்களுள் 19 பேரைச் சதிக் குற்றத்திலிருந்து விடுவித்தது. நால்வரின் மரண தண்டனையை உறுதிசெய்தது. மூவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அது பயங்கரவாதச் செயல் என்ற வரையறைக்குள் வாராது எனவும் தீர்ப்பளித்தது. ஆயினும் தடாவின்கீழ்க் காவல் அதிகாரியிடம் அளிக்கப்பட்ட ஒப்புதல் வாக்குமூலங்கள் சான்றாக ஏற்கப்பட்டன. தனிச்சட்டம் தந்த கருவி நிலைத்தது. அச்சட்டத்தின் குற்றச்சாட்டு நிலைக்கவில்லை என்பது இவ்வழக்கின் முரண் ஆகும்.

1998 பிப்ரவரி 14-ஆம் நாள் நிகழ்ந்த கோயம்புத்தூர்த் தொடர் குண்டுவெடிப்புகளில் 58 பேர் உயிரிழந்தனர். தடா காலாவதியாகியிருந்தது, பொடா இன்னும் பிறக்கவில்லை. மாநிலக் குற்றப் பிரிவின் சிறப்புக் குழு, இந்தியத் தண்டனைச் சட்டம், வெடிபொருள் சட்டங்கள் ஆகியவற்றைக் கொண்டே புலனாய்வு செய்தது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர்மீதான விசாரணை தனி நீதிமன்றத்தில் நடைபெற்று 2007-இல் தீர்ப்பு வந்தது. பலர் தண்டிக்கப்பட்டனர், அப்துல் நாசர் மதானி உள்ளிட்ட சிலர் விடுவிக்கப்பட்டனர். மாநிலக் காவல் துறை பொதுச் சட்டத்தைக் கொண்டு ஒரு பெரும் பயங்கரவாத வழக்கை நடத்த இயலும் என்பதற்கு இது சான்று. விடுவிக்கப்பட்டோரும் ஏறத்தாழ ஒன்பதாண்டுகள் சிறையில் கழித்தனர் என்பது அதே சான்றின் மறுபக்கம்.

தேசியப் புலனாய்வு முகமை: சட்டமும் கட்டமைப்பும்

2008 நவம்பர் 26 முதல் மும்பையில் நிகழ்ந்த தாக்குதலுக்குப் பின் உள்துறை அமைச்சராகப் பொறுப்பேற்ற ப. சிதம்பரம், தேசியப் புலனாய்வு முகமைச் சட்டமுன்வடிவை டிசம்பரில் நாடாளுமன்றத்தில் முன்வைத்தார். ஒரு வாரத்திற்குள் இரு அவைகளும் அதனை ஏற்றன. டிசம்பர் 31-ஆம் நாள் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்று, அது 2008-ஆம் ஆண்டின் 34-ஆம் சட்டமாயிற்று. ராதா வினோத் ராஜு முகமையின் முதல் தலைமை இயக்குநராக 2009 ஜனவரியில் பொறுப்பேற்றார்.

இச்சட்டத்தின் நுட்பம் அதன் ஆறாம் பிரிவில் உள்ளது. அட்டவணைக் குற்றம் குறித்த முதல் தகவல் அறிக்கை காவல் நிலையத்தில் பதிவானதும் மாநில அரசுக்கு அனுப்பப்படும். மாநில அரசு அதனை நடுவண் அரசுக்கு அனுப்பும். பதினைந்து நாள்களுக்குள் வழக்கை முகமையிடம் ஒப்படைப்பதா என நடுவண் அரசு முடிவு செய்யும். மாநிலத்தின் அறிக்கைக்குக் காத்திராமல் தானாகவே ஆணையிடும் அதிகாரமும் அதற்கு உண்டு. வழக்கு ஒப்படைக்கப்பட்டபின் மாநிலக் காவல் துறை அதில் தொடர்தல் ஆகாது; ஆவணங்களை முகமையிடம் அளித்தல் வேண்டும். அதே வேளையில், புலனாய்வில் மாநிலத்தை இணைத்துக்கொள்ளவோ வழக்கை மாநிலத்திடம் திருப்பியளிக்கவோ ஏழாம் பிரிவு இடந்தருகிறது.

நடுவண் புலனாய்வுச் செயலகத்தோடு ஒப்பிட்டால் இதன் வேறுபாடு தெளிவாகும். அச்செயலகம் 1946-ஆம் ஆண்டின் தில்லி சிறப்புக் காவல் அமைப்புச் சட்டத்தின்கீழ் இயங்குவதால், மாநில எல்லைக்குள் செயற்பட மாநில அரசின் இசைவு வேண்டும். தமிழ்நாடு 2023 ஜூனில் தன் பொது இசைவைத் திரும்பப் பெற்றது. முகமைக்கு இத்தகைய இசைவு தேவையில்லை. அரசமைப்பில் மாநிலப் பட்டியலில் உள்ள ஓர் அதிகாரத்திற்குள் மாநில இசைவின்றி நுழையும் முதல் நிலையான புலனாய்வு அமைப்பு இதுவே எனலாம். இதன் அரசமைப்புத் தகுதியை எதிர்த்துச் சத்தீஸ்கர் அரசு 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது.

முகமையோடு உடன்பிறந்தது, அதே மாதத்தில் திருத்தப்பட்ட சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டமாகும். தடாவும் பொடாவும் ஏற்ற காவல் துறை வாக்குமூலத்தை இச்சட்டம் ஏற்கவில்லை. அவ்வகையில் இது ஒரு முன்னேற்றம். மறுபுறம், குற்றப்பத்திரிகைக்கு முந்தைய காவலை 180 நாள்கள் வரை நீட்டிக்கவும், குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை எனத் தோன்றினாலே பிணையை மறுக்கவும் 43-டி பிரிவு வழிசெய்கிறது. 2019-இல் வட்டாலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்பிரிவுக்குக் கடுமையான பொருள் தந்தது. 2021-இல் நஜீப் வழக்கில், விசாரணை முடிவின்றி நீளும்போது அரசமைப்பு நீதிமன்றங்கள் பிணை வழங்கலாம் என அக்கடுமையைத் தணித்தது. நீதிமன்ற வழிக்குள்ளேயே தீர்ப்பில்லாக் காவலின் நிழல் நீண்டுள்ளதை இவ்விரு தீர்ப்புகளும் ஒருங்கே காட்டுகின்றன.

திருவரங்கத்து உறுப்பினரின் மறுப்பு

முகமையைத் தொடர்ந்து, நுண்ணறிவையும் நடவடிக்கையையும் ஒருங்கிணைக்கும் தேசியப் பயங்கரவாத எதிர்ப்பு மையம் ஒன்றை நிறுவச் சிதம்பரம் முயன்றார். அதற்கான ஆணை 2012 பிப்ரவரி 3-ஆம் நாள் வெளியிடப்பட்டது. மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வரவேண்டியிருந்தது. நுண்ணறிவுச் செயலகத்தின் உறுப்பாக அமையவிருந்த அம்மையத்திற்குச் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின்படி சோதனையிடவும் கைது செய்யவும் அதிகாரம் வழங்கப்பட்டது. மாநில முதலமைச்சர்கள் பலர் எதிர்த்தனர். அவர்களுள் ஒருவர், 2011 தேர்தலில் திருவரங்கம் தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டுத் தமிழக முதலமைச்சராக இருந்த ஜெ. ஜெயலலிதா. மே 5-ஆம் நாள் தில்லியில் கூட்டப்பட்ட முதலமைச்சர்கள் மாநாட்டிலும் எதிர்ப்புத் தணியவில்லை. மையம் செயலுக்கு வரவேயில்லை.

இம்மறுப்பில் கட்சி அரசியலின் பங்கு இல்லாமல் இல்லை. எனினும் அதன் உள்ளே ஒரு கோட்பாடு இருந்தது. நாடாளுமன்றச் சட்டத்தால் உருவாகி நீதிமன்றத்திற்குக் கணக்குக் காட்டும் முகமை ஒன்று. நிருவாக ஆணையால் உருவாகி, கணக்குக் காட்டும் கடமையற்ற நுண்ணறிவு அமைப்புக்குள் இருந்துகொண்டு கைது செய்யும் மையம் மற்றொன்று. முதலாவதை மாநிலங்கள் 2008-இல் ஏற்றன; இரண்டாவதை 2012-இல் மறுத்தன. 1904-இல் வகுக்கப்பட்ட நுண்ணறிவு வேறு, புலனாய்வு வேறு என்ற கோடு, நூறாண்டுகளுக்குப் பின்னும் கூட்டாட்சியின் காப்பு வரம்பாகப் பயன்பட்டது. சிவகங்கைச் சீமையைச் சேர்ந்த அமைச்சரும் திருவரங்கத்தின் உறுப்பினரும் இவ்விவாதத்தின் இரு பக்கங்களில் நின்றமை, தேசிய அமைப்பின் வரலாறு தலைநகரில் மட்டும் உருவாவதில்லை என்பதைக் காட்டுகிறது.

தமிழகத்தில் முகமையின் செயற்பாடு

முகமையின் சென்னைக் கிளைக்கு 2020-இல் ராஞ்சி, இம்பால் கிளைகளோடு ஒப்புதல் வழங்கப்பட்டது. ஆனால் அதற்கு முன்பே தமிழக வழக்குகள் அதனிடம் சென்றிருந்தன. திருச்சி மத்திய மண்டலக் காவல் எல்லைக்குள் அடங்கும் தஞ்சாவூர் மாவட்டத் திருபுவனத்தில் 2019 பிப்ரவரி 5-ஆம் நாள் நிகழ்ந்த கொலை வழக்கு இதற்கு எடுத்துக்காட்டு. மாநிலக் காவல் துறை தொடக்கக் கட்டக் கைதுகளைச் செய்தது. அடுத்த மாதம் வழக்கு முகமையிடம் சென்றது. அதே 2019-இல் முகமைச் சட்டம் திருத்தப்பட்டு, ஆள்கடத்தல், தடைசெய்யப்பட்ட படைக்கலங்கள், இணையவழிப் பயங்கரவாதம், வெடிபொருள் குற்றங்கள் ஆகியன அதன் அட்டவணையில் சேர்ந்தன. நாட்டிற்கு வெளியே நிகழும் குற்றங்களும் அதன் வரம்புக்குள் வந்தன.

2022 அக்டோபர் 23-ஆம் நாள் கோயம்புத்தூர் உக்கடத்தில் கோயில் ஒன்றின் முன் மகிழுந்து வெடித்த வழக்கில் மாநிலக் காவல் துறை முதற்கட்டக் கைதுகளைச் செய்து, மாநில அரசே வழக்கை முகமைக்கு மாற்றப் பரிந்துரைத்தது. 1998-இல் மாநிலம் தன் பொறுப்பில் வைத்துக்கொண்ட கோவை வழக்கோடு இதனை ஒப்பிட்டால், கால் நூற்றாண்டில் நிகழ்ந்த மாற்றம் விளங்கும். 2023-இல் தமிழக அரசு பயங்கரவாதத் தடுப்புக்கெனத் தனிப் பிரிவை உருவாக்கியதை, கைநழுவிய அந்தப் பொறுப்பில் ஒரு பகுதியை மீட்கும் முயற்சியாகக் கருத இடமுண்டு.

இரு வழிகளும் சந்திக்கும் இடம்: திருச்சி சிறப்பு முகாம்

ஈழப் போரின் விளைவாகத் தமிழகம் வந்தோருள் போராளி இயக்கங்களோடு தொடர்புடையவர் எனக் கருதப்பட்டோரைத் தனித்து வைக்கத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சிறப்பு முகாம்கள் அமைந்தன. வேலூர், செங்கல்பட்டு, பூந்தமல்லி ஆகிய இடங்களில் இருந்தவை காலப்போக்கில் மூடப்பட, திருச்சிராப்பள்ளி நடுவண் சிறை வளாகத்திற்குள் அமைந்த முகாமே முதன்மை பெற்றது. இது கொட்டப்பட்டு, வாழவந்தான்கோட்டை ஆகிய இடங்களில் குடும்பங்கள் வாழும் மறுவாழ்வு முகாம்களிலிருந்து வேறானது. இங்கு வைக்கப்படுவோர் 1946-ஆம் ஆண்டு அயல்நாட்டவர் சட்டத்தின் மூன்றாம் பிரிவின்படி பிறப்பிக்கப்பட்ட ஆணைகளால் தங்க வைக்கப்பட்டனர். 2025-இல் நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் அயல்நாட்டவர் சட்டம் அப்பழைய சட்டத்தின் இடத்தைப் பெற்றுள்ளது. முகாமின் பொறுப்பாளர் சிறை அதிகாரி அல்லர். வருவாய்த் துறையைச் சேர்ந்த தனித்துணை ஆட்சியர். சட்டத்தின் கண்ணில் இது சிறையன்று. மதிலுக்குள் இருப்பவருக்கு அவ்வேறுபாடு எளிதில் புலப்படுவதன்று. தண்டனைக்குக் கால வரையறை உண்டு. முகாம் வாழ்வுக்கு அது இல்லை. தங்களை விடுவிக்கக் கோரி அங்குள்ளோர் பலமுறை உண்ணாநிலைப் போராட்டம் மேற்கொண்டதற்கு இதுவே காரணம்.

2022-ஆம் ஆண்டு இம்முகாமில் இரண்டு நிகழ்வுகள் அடுத்தடுத்து நடந்தன. ஜூலை மாதம் தேசியப் புலனாய்வு முகமை இம்முகாமில் சோதனை நடத்தியது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான போதைப்பொருள், ஆயுதக் கடத்தல் குறித்துத் தானாகப் பதிவுசெய்த வழக்கில், டிசம்பர் மாதம் முகாமிலிருந்த ஒன்பது இலங்கையரை அது கைது செய்தது. நிருவாகக் காவலில் ஏற்கெனவே இருந்தவர்கள் இப்போது நீதிமன்றக் காவலுக்குள் வந்தனர். குற்றச்சாட்டின் உண்மையை நீதிமன்றமே முடிவு செய்யும். ஆயினும் வரலாற்று நோக்கில் ஒரு வினா எழுகிறது. குற்றத்தைத் தடுப்பதற்கென ஆணையால் அடைக்கப்பட்டோர் அவ்விடத்திலிருந்தே குற்றம் புரிந்தனர் என்பது முகமையின் குற்றச்சாட்டாயின், அக்காவல் எதனைத் தடுத்தது?

இரண்டாம் நிகழ்வு எதிர்த்திசையில் நடந்தது. 2022 நவம்பர் 11-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ராஜீவ் காந்தி கொலை வழக்கில் எஞ்சியிருந்த ஆறு பேரையும் விடுதலை செய்தது. அவர்களுள் இலங்கைக் குடிமக்களான நால்வர், சிறையிலிருந்து வெளிவந்ததும் திருச்சி சிறப்பு முகாமுக்குக் கொண்டுவரப்பட்டனர். முப்பத்தோர் ஆண்டுகள் நீண்ட நீதிமன்ற வழி முடிந்த இடத்தில் நிருவாக வழி தொடங்கியது. அந்நால்வருள் சாந்தன், தாயகம் திரும்பும் ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்த வேளையில் நோயுற்று, 2024 பிப்ரவரி 28-ஆம் நாள் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் இறந்தார். ஏனைய மூவரும் அதே ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் இலங்கைக்கு அனுப்பப்பட்டனர்.

முகாமிலிருந்து நீதிமன்றத்திற்கு ஒன்பது பேர். நீதிமன்றத்திலிருந்து முகாமுக்கு நால்வர். ஒரே ஆண்டில், ஒரே மதிலுக்குள் இவ்விரு நகர்வுகளும் நிகழ்ந்தமை தற்செயல் எனினும், அவை வெளிப்படுத்தும் கட்டமைப்பு தற்செயலானதன்று.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, தேசியப் புலனாய்வு முகமை 2008-இல் வெறுமையிலிருந்து தோன்றவில்லை. நுண்ணறிவைத் தலைநகரிலும் வழக்கை மாகாணத்திலும் வைத்த 1904-ஆம் ஆண்டு ஏற்பாட்டின் குறையை நிரப்பவே அது தோன்றியது; திருப்பெரும்புதூர் வழக்கின் சிறப்புப் புலனாய்வுக் குழு அதற்கு முன்னோடியாக அமைந்தது. இரண்டாவது, மாநிலத்தின் கள அறிவின்றி முகமை இயங்குதல் அரிது. முதல் தகவல் அறிக்கையும் முதற் கைதும் பெரும்பாலும் உள்ளூர்க் காவல் நிலையத்தின் பணியாகவே உள்ளன. ஆகவே அதிகாரம் நடுவண் அரசிடம் குவியும் அளவுக்கு மாநிலத்தின் திறன் வளராவிடில் இரண்டுமே தளரும்.

மூன்றாவது கருத்தே முதன்மையானது. நீதிமன்ற வழியை வலுப்படுத்துவதே முகமையை உருவாக்கியதன் நியாயம் ஆகும். திறன்மிக்க புலனாய்வு இருந்தால் விசாரணையற்ற காவலுக்குத் தேவை குறையும் என்பது அந்நியாயத்தின் உட்பொருள். திருச்சிராப்பள்ளி வட்டாரத்தின் வரலாறு அவ்வெதிர்பார்ப்பு நிறைவேறவில்லை என்பதைக் காட்டுகிறது. பினாங்குக்கு அனுப்பப்பட்ட 73 பேரின் காலம் முதல் சிறப்பு முகாமின் காலம் வரை, புலனாய்வு அமைப்புகள் வளர்ந்தபோதெல்லாம் நிருவாகக் காவலும் அதன் பக்கத்திலேயே நீடித்து வந்துள்ளது. ஒரு பயங்கரவாத எதிர்ப்பு அமைப்பின் வெற்றியை அது பெற்றுத்தந்த தண்டனைகளின் எண்ணிக்கையால் மட்டும் அளத்தல் போதாது. தீர்ப்பின்றி அடைக்கப்பட்டோரின் எண்ணிக்கை அதனால் எவ்வளவு குறைந்தது என்பதும் அளவுகோலாக வேண்டும். சிறப்பு முகாம் ஆணைகள், அவற்றை எதிர்த்துத் தொடரப்பட்ட ஆட்கொணர்வு மனுக்கள், முகமை வழக்குகளில் விசாரணைக்கு முந்தைய காவலின் காலம் ஆகியவற்றை ஒருங்கே தொகுத்து ஆராய்வது, இத்துறையில் இனி மேற்கொள்ளப்பட வேண்டிய பணியாகும்.